ஸ்கேனுக்கு முன்னால் இருபது நிமிடக் கேள்விகள்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 58, சர்க்கரை உண்டு, மூன்று வாரமாக மேல் வயிற்றில் வலி. கடலூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள். அவர் இருபது நிமிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, வயிற்றை அழுத்திப் பார்த்து, முட்டி வலிக்காக அம்மா மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, வேறு மாத்திரை எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். ஸ்கேன் எழுதவில்லை. "ஸ்கேனே எடுக்காம உள்ள என்னா இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்று வீட்டில் மாமா சத்தம் போடுகிறாராம். வெறும் பேச்சை வைத்து வயிற்று வலியின் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று மகன் கேட்கிறார்.

அவர் எழுதியது ஒரு கேள்வி. எழுதாமல் விட்ட இன்னொன்றுதான் அவரைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் என்று நினைக்கிறேன்: அம்மாவைச் சரியாகத்தான் பார்த்தார்களா, இரண்டு வாரம் பொறுக்கலாமா? நான் கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, அம்மாவின் வயிற்றில் கை வைத்துப் பார்க்காத ஒருவன் சொல்லத் தகுந்த அளவுக்கு மட்டும் கடைசியில் சொல்கிறேன்.

வயிறு எப்படி வலிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விரலில் முள் குத்தினால் கண்ணை மூடிக்கொண்டே இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுவோம். குடலுக்கு அந்தத் திறமை கிடையாது. கருவில் இருக்கும்போது குடல் முழுவதும் உடலின் நடுக்கோட்டில் ஓடும் ஒரே குழாய். பிறகு அது நீண்டு, திரும்பி, ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு மூலையில் போய் அமர்ந்தாலும், நரம்புகள் பழைய கணக்குப்படியே செய்தி அனுப்புகின்றன. அதனால் இரைப்பை, முன்சிறுகுடல், பித்தப்பை, கணையம் இவற்றின் வலி நெஞ்செலும்புக்குக் கீழே நடுவில் தெரியும். சிறுகுடலின் வலியும் குடல்வாலின் (அப்பெண்டிக்ஸ்) வலியும் தொப்புளைச் சுற்றி. பெருங்குடலின் பிற்பகுதி என்றால் தொப்புளுக்குக் கீழே. இந்த வலியைக் காட்டச் சொன்னால் நோயாளி உள்ளங்கையை விரித்து வட்டமாகத் தடவிக் காட்டுவார். உறுப்பின் அழற்சி வயிற்றுச் சுவரின் உட்பக்கச் சவ்வைத் தொட்ட பிறகு நிலைமை மாறும். அந்தச் சவ்வின் நரம்புகள் தோலின் நரம்புகளைப் போலவே இடமறிந்தவை. அப்போது உள்ளங்கை போய் ஒற்றை விரல் வரும். "மொதல்ல எங்க நோவுச்சு, இப்ப எங்க நோவுது?" என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.

குடல்வால் அழற்சியில் இது தெளிவாகத் தெரியும். தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும். சோறு பிடிக்காது. பிறகு குமட்டலோ ஒன்றிரண்டு வாந்தியோ வரும். சில மணி நேரத்தில், பெரும்பாலும் ஒரு நாளுக்குள், வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். காய்ச்சல் அதற்கும் பிறகு, அதுவும் லேசாக. எல்லோருக்கும் இப்படி வருவதில்லை, ஆனால் வந்துவிட்டால் அதன் மதிப்பு அதிகம். இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது வரிசையை. வலி முன்னால், வாந்தி பின்னால் என்றால் அறுவை சிகிச்சை தேவைப்படும் நோயை நினைக்கிறேன். வாந்தியும் பேதியும் முன்னால் வந்து, வலி கூடவே முறுக்கி முறுக்கி வந்தால் பெரும்பாலும் சாப்பாட்டுக் கோளாறுதான். பண்ருட்டிப் பக்கம் பலாப்பழ சீசனில் வயிற்று வலியோடு வருகிற ஒவ்வொரு பையனும் பலாச்சுளை சாப்பிட்டிருப்பான். ஊரே சாப்பிடுகிற மாதத்தில் அவன் மட்டும் எப்படிச் சாப்பிடாமல் இருப்பான்? அம்மாக்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு, "வாந்தி எடுத்ததுக்கு அப்புறம் நோவு வந்துச்சா, நோவு வந்ததுக்கு அப்புறம் வாந்தியா?" என்பேன். இந்த ஒரு கேள்வியால் அறுவை அரங்குக்குப் போன பையன்கள் பலர்.

வலி தொடங்கிய விதம் அடுத்தது. ஒருநாள் மதியம் கரும்பு லோடு ஏற்றும் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "லாரியிலேருந்து கீழ காலை வெச்சேன் சார், அந்த நொடி. கத்திய எறக்கன மாதிரி" என்றார். நேற்றிலிருந்து, காலையிலிருந்து என்று சொல்லாமல் ஒருவர் நொடியைச் சொன்னால் எதோ ஓட்டை விழுந்திருக்கிறது, அடைத்திருக்கிறது, அல்லது முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு முன்சிறுகுடல் புண் ஓட்டையாகியிருந்தது. வீட்டுக்காரர்கள் அவரை அழைத்துவர நான்கு மணி நேரமானதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. வலி நடுவில் குறைந்துவிட்டது. இந்த நோயில் அப்படித்தான் ஆகும்: முதலில் அமிலம் கொட்டித் துடிக்க வைக்கும், சில மணி நேரத்தில் உடலே சுரக்கும் நீர் அதை நீர்க்கச் செய்ய வலி தணிந்தாற்போல இருக்கும், அதன் பிறகு கிருமி பெருகி உயிருக்கே ஆபத்தாகும். வெடித்த குடல்வாலும் சிலருக்கு இதே பொய் நிம்மதியைத் தரும். "இப்ப பரவால்ல சார், வீட்டுக்குப் போறோம்" என்று எழுந்தவரை, தொடக்கத்தை அவர் சொன்ன விதத்துக்காகவே படுக்க வைத்தேன். அன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நம் மக்களின் சொற்கள் இந்த வேலைக்கு எவ்வளவு துல்லியமானவை என்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. முறுக்குது, பிசையுது என்றால் குழாய் எதையோ தள்ள முயல்கிறது. எரியுது என்றால் மேல் வயிறு. கடுக்குது என்பவருக்கு மலம் கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ தொந்தரவு இருக்கும். சுருக்குன்னு குத்துது என்று சொல்லி, மூச்சை இழுத்தால் கூடுகிறது என்றால் நுரையீரலின் உறையைக்கூட யோசிக்க வேண்டும். "உருண்டை மாதிரி ஒண்ணு எழும்பி, கடமுடன்னு சத்தம் போட்டு, அப்புறம் எறங்கிடுது" என்று ஒரு பெண் சொன்னார். கூடவே மாலைக் காய்ச்சல், இரண்டு மாதத்தில் இளைத்துப்போன உடம்பு. குடல் காசநோய்க்கு அதைவிடத் தெளிவான விவரிப்பை நான் படித்ததில்லை. திருநாவுக்கரசர் சூலை நோய் தாங்காமல் வந்து நின்றதாகச் சொல்லப்படும் திருவதிகை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வயிற்று வலியைச் சொல்ல இந்த மண்ணில் சொல்லுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அவசரத்தில் கேட்கிறவர் அதை 'வயிற்று வலி' என்று இரண்டு சொல்லில் எழுதி முடித்துவிடுவதுதான் என் வருத்தம்.

வலி வரும்போது உடம்பு என்ன செய்கிறது என்பதும் வாக்குமூலம்தான். சிறுநீரகக் கல்காரர் நிற்பார், நடப்பார், தரையில் உருளுவார், எந்த நிலையிலும் இருக்க முடியாது. விலாவுக்குப் பின்னாலிருந்து தொடைஇடுக்கு வரை வலி இறங்கும். வயிற்றுச் சவ்வு அழன்றவர் அசையவே மாட்டார், கட்டிலை யாராவது இடித்தால்கூட முகம் சுளிப்பார். ஆட்டோவில் வந்தவரிடம், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வயிறு வலித்ததா என்று கேட்பேன். இதை முறையாக ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். வலிக்கவே இல்லை என்றால் குடல்வால் அழற்சிக்கு வாய்ப்பு குறைவு. கணையம் வீங்கியவர் முன்னால் குனிந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் கொஞ்சம் மூச்சு விடுவார், வலி முதுகுக்கு ஊடுருவும். அவரிடம் குடியைப் பற்றிக் கேட்டாக வேண்டும். புதுச்சேரியில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் உரிமத்தோடு நடக்கின்றன, இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மனைவி பக்கத்தில் நிற்கும்போது "குடிப்பீங்களா?" என்றால் "இல்ல சார்" என்றுதான் வரும். அவரை வெளியே அனுப்பிவிட்டு, "கடைசியா எப்ப, எவ்வளவு?" என்று கேட்டால் உண்மை வரும். கணையம் மட்டுமல்ல, காய்ச்சலோடு வலது மேல் வயிறு வலிக்கிற ஆணுக்கு அமீபாவால் ஈரலில் சீழ் கட்டியிருக்குமா என்பதும் அந்தப் பதிலோடு சேர்ந்தே வருகிறது.

இப்படி, கேட்காவிட்டால் வராத பதில்கள் நிறைய. "முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கா?" என்றால் ஐம்பது வயதுப் பெண் இல்லை என்பார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை யாரும் ஆபரேஷன் கணக்கில் சேர்ப்பதில்லை. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியாமல் வந்திருப்பவருக்குப் பழைய தழும்புக்குள் குடல் ஒட்டிச் சிக்கியிருக்கலாம். அதனால் "புள்ள பொறந்ததுக்கு அப்புறம் கர்ப்பத்தடை பண்ணீங்களா?" என்று தனியாகக் கேட்கக் கற்றுக்கொண்டேன். தொடைஇடுக்கில் குடலிறக்கம் இருப்பதை ஆண்கள் வெட்கத்தில் மறைப்பார்கள். விரை முறுக்கிக்கொண்ட பையன் "அடிவயிறு நோவுது" என்று மட்டும் சொல்வான். ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிடாவிட்டால் விரையைக் காப்பாற்றுவது கடினம். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணிடம், மாமியார் இல்லாத இடத்தில், நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்காமல் விட்டால் கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் தவறிப்போகும். அடிவயிற்று வலியோடு மயக்கம் வந்து, தோள்பட்டை நுனியிலும் வலிக்கிறது என்றால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பயப்பட வேண்டும். அந்த விஷயத்தில் அவர் பதிலை நம்புகிறேனா என்ற பேச்சுக்கே இடம் வைக்காமல் எல்லோருக்கும் சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்துவிடுவேன்.

எனக்குப் பெரிய பாடம் கற்றுக்கொடுத்த கேள்வி "ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?" என்பது. ஒரு ஐப்பசி மாதம், மழை விட்ட விடியற்காலை, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து இருபது வயது இளைஞனைக் கொண்டுவந்தார்கள். வயிற்று வலி, இரண்டு முறை வாந்தி. வாயுத் தொல்லை என்று ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நான் ஏழு மணிக்குப் பார்த்தபோது வயிறு பஞ்சு போல மெத்தென்று இருந்தது, அவன் துடிப்புக்குப் பொருத்தமே இல்லை. "டாக்டர், ரெண்டு ரெண்டா தெரியுது" என்றான். இமை பாதிதான் மேலே ஏறியது. எங்கே படுத்திருந்தாய் என்று கேட்டேன். திண்ணையில் பாய் விரித்துத் தரையில். கட்டுவிரியன் ராத்திரியில் வரும், கடித்தால் வலிக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகும். முதலில் வயிற்று வலி, பிறகு இமை, பேச்சு, விழுங்குதல், கடைசியில் மூச்சு. விஷமுறிவு மருந்து ஏற்றி, மூச்சுக் கருவியில் ஐந்து நாள் வைத்து, அவன் நடந்து வீட்டுக்குப் போனான். எந்த ஸ்கேனிலும் அது தெரிந்திருக்காது.

மக்கள் தாங்களே ஒரு காரணத்தோடுதான் வருவார்கள். சூடு, கேஸ், குடலேற்றம், தொக்கம் (சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொண்டது என்பது), கைக்குழந்தைக்கு உரம் (சுளுக்கு விழுந்தது என்பது). இதைச் சொன்னதும் முகம் சுளிக்கிற டாக்டர்கள் உண்டு, நான் அதைத் தவறு என்கிறேன். அவர் என்ன பார்த்தார், ஏன் அப்படி நினைத்தார் என்று கேட்டால் உண்மையான தகவல் வெளியே வரும். அக்கி என்று பாட்டி சொன்னது பல முறை சரியாகவே இருந்திருக்கிறது. கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒரு பக்கமாகப் பட்டையாக எரியும். ஆனால் இரண்டு விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேன். வலிக்கிற வயிற்றை யாரிடமும் கொடுத்துத் தட்டவோ எண்ணெய் போட்டு அழுத்தி நீவவோ விடாதீர்கள். குழந்தை காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுது, நடுவில் அடங்கிச் சோர்ந்து, மறுபடி வீறிட்டால் குடலுக்குள் குடல் சொருகியிருக்கலாம், அதற்கு உரம் எடுக்கப் போனால் நேரம் போய்விடும். இன்னொன்று கேஸ். மாரடைப்பு இதயத்தின் கீழ்ச்சுவரில் வந்தால் மேல் வயிற்று வலியாகவே தெரியலாம், கூடவே ஏப்பம், குமட்டல், வியர்வை. சோடா குடித்துவிட்டு வந்த இரண்டு பேரை நுழைவாயிலைத் தாண்டுவதற்குள் இழந்திருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல், அதுவும் சர்க்கரை இருந்தால், மேல் வயிற்று வலிக்கு முதல் சோதனை இ.சி.ஜி.

இதுவரை சொன்னதில் எனக்கு உறுதி அதிகம். இனிமேல் சொல்வதில் கேள்விகளின் பலம் குறைகிறது. பசித்தால் வலிக்கும், சாப்பிட்டால் அடங்கும், நடு இரவில் எழுப்பும், அது முன்சிறுகுடல் புண்; சாப்பிட்டதும் வலித்தால் இரைப்பைப் புண் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் மாணவர்களுக்குச் சொன்னேன். வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி வந்த பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால், புண்ணே இல்லாத பலருக்கும் அதே கதை, புண் உள்ள பலருக்குக் கதையே இல்லை. புண்ணுக்குப் பெரும் காரணம் காரமோ கவலையோ அல்ல, ஹெலிகோபாக்டர் கிருமியும் வலி மாத்திரைகளும். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்று நான் பயின்ற காலத்தில் நோயாளிகளைத் துடிக்கவிட்டோம். அது தேவையில்லை என்று பிறகு தெளிவாகிவிட்டது, அந்த நோயாளிகளை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. முதியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் இவர்கள் வயிறு பாடப்படி பேசாது. எழுபது வயது ஆயா "லேசா நோவுது சாமி" என்று சொன்னபோது உள்ளே குடல் அழுகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் அவசர வயிற்று வலியோடு வந்தால் நான் ஸ்கேனைத் தள்ளிப்போட மாட்டேன்.

அதே நேரம் ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. வெளியிலிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் பித்தப்பைக் கல்லையும் சிறுநீரக வீக்கத்தையும் நன்றாகக் காட்டும். காற்று நிறைந்த இரைப்பைக்குள் உள்ள புண்ணை அதில் எதிர்பார்க்க முடியாது. பித்தப்பையில் கல் இருந்தும் ஆயுள் முழுக்கத் தொந்தரவே இல்லாதவர்கள் ஏராளம். அப்படி ஒரு கல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, பித்தப்பையை எடுத்துவிட்டு, அதே வலியோடு திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்தான் வலிக்குக் காரணமா என்பதைத் தீர்மானிக்க மறுபடியும் கேள்விகளுக்குத்தான் வர வேண்டும்: அரை மணி முதல் சில மணி நேரம் வரை விடாமல் பிடிக்கிறதா, வலது தோள்பட்டைக்குப் பின்னால் போகிறதா, நடுவில் நாள்கணக்கில் சுத்தமாக இல்லாமல் இருக்கிறதா.

இப்போது உங்கள் அம்மா. முட்டி வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த வகை மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும், அதை விசாரித்து நிறுத்தியவர் கவனமாகத்தான் கேட்டிருக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலும், இது மூன்று வாரமாக இருக்கும் வலி, சந்தேகமும் புண் மேல்தான் என்பதால் அல்ட்ராசவுண்ட் எழுதாததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நானாக இருந்தால் அன்றே ஒரு இ.சி.ஜி. எடுத்திருப்பேன். அவர் எடுத்திருந்து நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். எடுக்கவில்லை என்றால் நாளைக்கே எடுங்கள். இன்று ராத்திரியே அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ வலி வந்து, நின்றால் அடங்குகிறதா? ஆம் என்றால் நாளை வரை பொறுக்காமல் அழைத்துப் போங்கள், அது வயிறாக இல்லாமல் இருக்கலாம். 58 வயதில் புதிதாகத் தொடங்கிய மேல் வயிற்று வலிக்கு, மாத்திரையில் குணம் தெரிந்தாலும், ஒருமுறை எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. வேறு டாக்டர் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னால் அதையும் தவறென்று சொல்ல மாட்டேன். உடம்பு இளைத்திருந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, சாப்பிட்டது ஒவ்வொரு முறையும் வாந்தியாக வந்தாலோ, வெளுத்துப்போயிருந்தாலோ அந்தக் காத்திருப்பு வேண்டாம். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் அன்றே போங்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் சொல்லுங்கள். வலி திடீரென்று கத்தி இறக்கியதுபோல வந்தால், வியர்த்து மயக்கம் வந்தால், வயிறு பலகைபோல ஆனால் 108 ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் போகும்போது அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், முட்டி வலிக்கு வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வலி வந்த நாள், நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். டாக்டர் கேட்கும்போது அம்மாவுக்குப் பதிலாக நீங்களோ மாமாவோ பேசாமல் அவரையே சொல்ல விடுங்கள்.